கரிக்குப் பின் நிலமும் நீரும்: நெய்வேலியும் பொட்ரோப் நகரும்

நம் ஸ்ரீமுஷ்ணத்தில் கோயில் கொண்டுள்ள பூவராகப் பெருமாள், கடலில் ஆழ்ந்த பூமியை மேலே எடுத்து நிலைநிறுத்தியவர் என்று புராணம் கூறும். அவ்வூரிலிருந்து புறப்பட்டு, சேத்தியாத்தோப்பில் வெள்ளாற்றைக் கடந்து, நெய்வேலியை நோக்கிச் செல்வோர் பூமியை மேலே எடுக்கும் மற்றொரு வேலையைக் காண்பர். கண்ணுக்கெட்டிய தூரம் சமவெளியாக உள்ள நாட்டில் திடீரென்று ஒரு மலைத்தொடர் தோன்றும். அருகே சென்றால்தான் அது மலையன்று, சுரங்கத்திலிருந்து எடுத்துக் குவித்த மண்மேடு என்பது விளங்கும். அதன் மறுபுறம், மேடு எவ்வளவு உயரமோ அதனினும் ஆழமாகப் பள்ளம் கிடக்கிறது.

எடுத்த பூமியை மீண்டும் நிலைநிறுத்துவது யார்? கரி தீர்ந்த பிறகு அப்பள்ளமும் அதன் அடியில் உள்ள நீரும் அதை நம்பி வளர்ந்த ஊரும் என்ன ஆகும்? இக்கேள்வி நெய்வேலி வாசிகளுக்கு மட்டும் உரியதென்று நாம் எண்ணிவிடலாகாது. நெல்லும் கரும்பும் விளைவிப்போருக்கும், குறிஞ்சிப்பாடியிலே தறி நெய்வோருக்கும், வெள்ளாற்றின் இருகரையிலும் கிணறு வைத்திருப்போர் அனைவருக்கும் உரிய கேள்வி இது. இதற்கு விடை தேடும்போது, ஏற்கெனவே கரியை முடித்துக்கொண்ட ஒரு நாட்டின் அனுபவம் நமக்குத் துணையாகும். ஆகவே நெய்வேலியோடு ஜெர்மனியில் உள்ள பொட்ரோப் என்னும் நகரையும் சேர்த்து இங்கே ஆராய்வோம்.

கரி கிடைத்த வரலாறு

நெய்வேலியின் வரலாறு ஒரு கிணற்றில் தொடங்குகிறது. 1935-ஆம் ஆண்டு வாக்கில் ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் தம் நிலத்தில் பாசனத்திற்காகக் கிணறு தோண்டுவித்தபோது, நீரோடு கருமையான பொருள் ஒன்று வெளிவந்தது. அது யாதென்று அறிய அவர் முயன்றதன் பயனாக அரசினரின் கவனம் அப்பக்கம் திரும்பிற்று. பின்னர் புவியியல் ஆய்வுத் துறையினர் 1940-களில் துளையிட்டுப் பார்த்து, அது பழுப்பு நிலக்கரி என்றும், பெரும்பரப்பில் படிந்துள்ளது என்றும் உறுதி செய்தனர். தம் நிலத்தில் நூற்றுக்கணக்கான ஏக்கரை இத்திட்டத்திற்கு வழங்கிய முதலியாரின் பெயரை நெய்வேலி இன்றும் நன்றியுடன் நினைக்கிறது.

1956 நவம்பரில் நெய்வேலி லிக்னைட் கார்ப்பொரேஷன் ஒரு கம்பெனியாகப் பதிவாயிற்று. 1957 மே 20 அன்று பிரதமர் ஜவாஹர்லால் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். அப்போது காமராசர் சென்னை மாகாண முதலமைச்சர். மேல்மண்ணை அகற்றி 1961 ஆகஸ்டில் கரிப்படிவத்தைக் கண்டனர்; 1962 மே மாதம் முதல் மின் உற்பத்தி தொடங்கிற்று. அனல்மின் நிலையத்திற்குச் சோவியத் நாடு துணை செய்தது. மண்ணை வெட்டி எடுக்கும் மாபெரும் சக்கர யந்திரங்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தன. அந்நாட்டில் பழுப்பு நிலக்கரியைத் திறந்தவெளியில் வெட்டும் தொழில் முன்னமே நன்கு வளர்ந்திருந்தது. ஆக, நெய்வேலிக்கும் ஜெர்மனிக்கும் உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று.

முந்திரியும் மானாவாரிப் பயிரும் விளைந்த செம்மண் காட்டில் அகன்ற சாலைகளும் வட்டங்களும் பள்ளிகளும் மருத்துவமனையும் கொண்ட நகரம் எழுந்தது. 2011 கணக்கெடுப்பின்படி அதன் மக்கள்தொகை ஒரு லட்சத்திற்குச் சற்று மேல்.

நாம் பெற்ற நன்மை

நியாயம் பேசுவோர் இருபக்கமும் பேச வேண்டும். நெய்வேலி மின்சாரம் வந்திராவிட்டால் தமிழ்நாட்டில் கவலை இறைத்த உழவர் அத்தனை விரைவில் பம்புசெட்டுக்கு மாறியிருக்க இயலாது. அங்கு யூரியா செய்தனர். அது நம் வயல்களுக்கு வந்தது. பழுப்பு நிலக்கரியைப் பக்குவம் செய்து 'லெக்கோ' என்னும் கரிக்கட்டி ஆக்கினர். அது பல வீடுகளில் அடுப்பெரித்தது. நெய்வேலியில் வேலை கிடைத்த குடும்பங்களின் பிள்ளைகள் படித்து மேல்நிலை அடைந்தனர். இதையெல்லாம் மறப்பது நன்றியன்று.

நிற்க. அதே மின்சாரம் விசைத்தறியையும் ஓட்டிற்று. குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக் கைத்தறிக் கைலிக்கு விசைத்தறிக் கைலி போட்டியாக வந்ததை நெசவாளர் நன்கு அறிவர். ஒரு தொழில் தளரும்போது அதைச் செய்வோர் வீட்டில் என்ன நேரும் என்பதை நெசவாளருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பாவு வரத்துக் குறையும், கூலி குறையும், மூத்தவர் தறியோடு இருப்பர், இளையவர் வெளியூர் செல்வர். கரியை நம்பிய ஊருக்கும் இதே நிலை ஒருநாள் வரும் என்பதே இங்கு நாம் கருத வேண்டியது.

அந்த நாள் திடீரென்று வருவதன்று. சிறிது சிறிதாக வருவது. யூரியா ஆலையும் லெக்கோ ஆலையும் மூடப்பட்டு ஆண்டுகள் பல ஆயின. 1962-இல் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம், 600 மெகாவாட் வரை வளர்ந்து, 2020-இல் ஓய்வு பெற்றது. அதற்கு ஈடாகப் புதிய அனல்மின் நிலையம் எழுந்துள்ளது. மூன்று சுரங்கங்களும் இயங்குகின்றன. ஆண்டுக்கு இரண்டரைக் கோடி டன்னுக்கு மேல் வெட்டும் திறன் அவற்றிற்கு உண்டு. எனினும் கம்பெனி தானே ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல் சூரிய மின்சாரத்திற்கு ஏற்பாடு செய்துகொண்டது. காற்று வீசும் திசை எது என்பதை இதனால் நாம் அறியலாம்.

கரிக்கு அடியில் உள்ள நீர்

நெய்வேலிச் சுரங்கத்தின் தனித்தன்மை அதன் நீரிலே உள்ளது. மேலே ஐம்பது முதல் நூறு மீட்டர் வரை கடலூர் மணற்கல்லும் களிமண்ணும். அதன் கீழ்க் கரி. கரியின் கீழ் மணற்படிவத்தில் பேரழுத்தத்தோடு அடைபட்ட நீர். சதுர சென்டிமீட்டருக்கு ஆறு முதல் எட்டுக் கிலோ வரை மேல்நோக்கி அழுத்தும் நீர் அது. மேல்மண்ணின் பாரம் உள்ளவரை அந்நீர் அடங்கி இருக்கும். பாரத்தை அகற்றினால் கரிப்படிவத்தைப் பிளந்துகொண்டு சுரங்கத்தையே நிரப்பிவிடும். ஆதலால் சுரங்கத்தைச் சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் இட்டு, அழுத்தம் குறையும்படி இரவு பகலாக நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். வெட்டும் கரியின் எடையைவிடப் பன்மடங்கு எடையுள்ள நீர் இவ்வாறு வெளிவருகிறது. 1962 முதல் இன்றுவரை இவ்வேலை நின்றதில்லை.

இந்நீர் எங்கே செல்கிறது? ஒரு பகுதி அனல்மின் நிலையங்களுக்கும் நகரத்தின் குடிநீருக்கும் ஆகிறது. ஒரு பகுதி ஓடைகள் வழியாகப் பரவனாற்றில் சேர்ந்து, வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் பாய்ந்து பல ஆயிரம் ஏக்கருக்குப் பாசனம் ஆகிறது. சென்னை மாநகரின் தாகம் தீர்க்க 2004-இல் புதிய வீராணம் திட்டம் நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் கொண்டுசெல்லும் அளவில் தொடங்கிற்று. ஏரியில் நீர் இல்லாத காலங்களில் நெய்வேலிப் பகுதியின் நிலத்தடி நீரையே அக்குழாய் நாடியதும் உண்டு. சோழர் காலத்தில் வெட்டிய வீராணம் ஏரியும், இக்காலத்தில் வெட்டிய சுரங்கமும், இரண்டு மாவட்டங்களுக்கு அப்பாலுள்ள மாநகரமும் ஒரே நீரால் பிணைக்கப்பட்டுள்ளன.

இதிலே இரண்டு முடிச்சுகள் உள்ளன. முதலாவது: முன்பு தானே பொங்கி வழிந்த ஊற்றுக் கிணறுகள் இருந்த ஊர்களில் இன்று ஆழத்தில் மோட்டார் இறக்கி நீர் எடுக்கிறோம். ஒருவர் ஆழப்படுத்தினால் அண்டை நிலத்தாரும் ஆழப்படுத்தியாக வேண்டும். கடன் இரண்டு வீட்டிலும் ஏறும். இரண்டாவது: ஏரிக்கு வரும் சுரங்க நீர் சுரங்கம் உள்ளவரைதான் வரும். இறைப்பதை நிறுத்திய அன்றே அந்நீரை நம்பிய ஆயக்கட்டு வேறு வழி தேட வேண்டும். பள்ளத்தில் நீர் ஏறத் தொடங்கும். எவ்வளவு ஏறும், எவ்விதத் தன்மையோடு ஏறும், அதை யார் கவனிப்பது என்ற கேள்விகள் எழும். கரி முடிந்தாலும் நீரின் கணக்கு முடிவதில்லை.

பொட்ரோப் நகரம்

மேற்கு ஜெர்மனியில் ரூர் நதிப் பகுதி உள்ளது. ஊருக்கு ஊர் நிலக்கரிச் சுரங்கமும் இரும்பு உருக்காலையும் நெருங்கியிருந்த நாடு அது. அங்கே ஒரு லட்சத்துப் பதினேழாயிரம் மக்கள் வாழும் நடுத்தர நகரம் பொட்ரோப். நம் நெய்வேலியின் அளவே உள்ளது எனலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைக்காலம் வரை அது உழவர் வாழ்ந்த சிற்றூர். 1850-களில் 'புரோஸ்பர்' என்னும் சுரங்கம் தோண்டத் தொடங்கிய பிறகு, தொலைதூரத்திலிருந்து தொழிலாளர் குடும்பம் குடும்பமாக வந்து குடியேறினர்.

நெய்வேலிக் கரி பழுப்புக் கரி. திறந்த வெளியில் வெட்டுவது. பொட்ரோப் கரி கருங்கரி. ஆயிரம் மீட்டருக்கும் கீழே இறங்கி வெட்டியது. இவ்வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். ஆனால் கரியையே நம்பிய ஊர் என்ற வகையில் இரண்டும் ஒன்றே.

1950-களின் இறுதியில் ஜெர்மன் கருங்கரித் தொழிலில் சுமார் ஆறு லட்சம் பேர் வேலை செய்தனர். அப்போது மலிவான எண்ணெயும் வெளிநாட்டுக் கரியும் வந்தன, நெருக்கடி தொடங்கிற்று. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1968-இல் பல சுரங்கங்களை ஒரே நிறுவனத்தின்கீழ்க் கொண்டுவந்தனர். ஒரே நாளில் எவரையும் தெருவில் நிறுத்துவதில்லை என்னும் கொள்கையோடு, முன்கூட்டிய ஓய்வூதியமும் மாற்றுத் தொழிற் பயிற்சியும் அளித்துப் படிப்படியாகத் தொழிலைச் சுருக்கினர். கடைசியாக 2018 டிசம்பர் 21 அன்று பொட்ரோப்பின் புரோஸ்பர்-ஹானியல் சுரங்கம் மூடப்பட்டது. தொழிலாளர் கடைசிக் கரித்துண்டை மேலே கொண்டுவந்து நாட்டின் குடியரசுத் தலைவர் ஸ்டைன்மையரின் கையிலே கொடுத்தனர். ஜெர்மனியின் கருங்கரிச் சுரங்கத் தொழில் அத்துடன் முடிந்தது. நெருக்கடி தொடங்கியது முதல் முடிவு வரை அறுபது ஆண்டுகள் ஆயின என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

அந்த அறுபது ஆண்டுகளில் அவர்கள் சும்மா இருக்கவில்லை. ரூர் பகுதியில் முன்பு பல்கலைக்கழகமே கிடையாது. 1965-இல் அண்டை நகரமான போகூமில் பல்கலைக்கழகம் திறந்தனர். 2009-இல் பொட்ரோப்பிலும் தொழில்நுட்ப உயர்கல்விக்கூடம் வந்தது. சுரங்கக் கழிவைக் கொட்டிய மேடுகளில் மரம் வளர்த்தனர். ஒரு மேட்டின் உச்சியில் 1995-இல் இரும்பாலான முக்கோணக் கோபுரம் ஒன்றை எழுப்பினர். அதில் ஏறி மக்கள் தம் நாட்டைப் பார்க்கின்றனர். 2010 முதல் பத்தாண்டுகளில் நகரின் கரியமில வாயுவைப் பாதியாகக் குறைப்பது என்று இலக்கு வைத்து, பழைய தொழிலாளர் வீடுகள் பலவற்றை வெப்பம் வீணாகாதபடி சீர்திருத்தினர்.

நெசவாளர்க்கு ஒரு செய்தி. வண்ணங்களைப் பற்றி உலகெங்கும் ஓவியரும் துணி வடிவமைப்போரும் கற்கும் பாடங்களை வகுத்த யோசெஃப் ஆல்பர்ஸ் 1888-இல் பிறந்தது இந்தப் பொட்ரோப்பில்தான். அவர் மனைவி ஆனி ஆல்பர்ஸ் புகழ்பெற்ற நெசவுக் கலைஞர். ஒரே நிற நூல் பக்கத்து நூலின் நிறத்தால் வேறாகத் தோன்றும் என்பது கைலியில் கட்டம் போடும் நம் நெசவாளர் கைப்பழக்கத்தால் அறிந்தது. அதையே ஆல்பர்ஸ் கல்வியாக ஆக்கினார். கரி தீர்ந்த நகரம் இன்று அவர் பெயரால் உள்ள அருங்காட்சியகத்தைப் பெருமையோடு காட்டுகிறது.

தீராத செலவு

ஆனால் பொட்ரோப்பின் உண்மையான பாடம் கோபுரத்தில் இல்லை. நிலத்தின் அடியில் உள்ளது. நூறு ஆண்டுகளுக்கு மேல் கீழே கரியை எடுத்ததால் மேலே நிலம் தாழ்ந்தது. சில இடங்களில் இருபது மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. ஆற்றைவிட ஊர் பள்ளமாயிற்று. இறைக்காவிட்டால் வீடும் வயலும் ஏரியாகிவிடும். அதுபோலவே மூடிய சுரங்கங்களில் ஏறும் உப்பு நீர், குடிநீர்ப் படிவத்தை எட்டாதபடி இறைக்க வேண்டும். இதற்கு ஜெர்மானியர் வைத்த பெயரைத் தமிழில் 'என்றென்றைக்குமான செலவு' எனலாம். இச்செலவிற்காகவே 2007-இல் ஓர் அறக்கட்டளை ஏற்படுத்தி, சுரங்கத் தொழிலின் சொத்துக்களை அதில் முதலாக வைத்தனர். 2019 முதல் ஆண்டுதோறும் இருபது கோடி யூரோவுக்கு மேல் அதன் வருமானத்திலிருந்து செலவிடுகின்றனர். சுரங்கம் வருமானம் தந்த காலத்திலேயே முதலை ஒதுக்கியதால் இது இயன்றது. மூடிய பின் கேட்டிருந்தால் யார் கொடுப்பார்?

நூற்றாண்டு கடந்த ஒரு நீர்க் கூட்டுறவு

கூட்டுறவு அங்கத்தினராகிய நாம் விரும்பி அறியத்தக்க செய்தி இனிமேல்தான் வருகிறது. பொட்ரோப் வழியாக எம்ஷர் என்னும் ஆறு ஓடுகிறது. சுரங்கத்தால் நிலம் தாழவே, ஆற்றின் ஓட்டம் கெட்டு, ஊர்க் கழிவும் ஆலைக் கழிவும் தேங்கி நோய் பரவிற்று. ஓர் ஊர் மட்டும் சரிசெய்ய முடியாது. மேலூர்க் கழிவு கீழூருக்கு வரும். ஒரு சுரங்கம் மட்டும் சரிசெய்ய முடியாது. எந்தச் சுரங்கத்தால் எவ்வளவு தாழ்ந்தது என்று பிரித்தறிவது அரிது. ஆகவே 1899-இல் ஊராட்சிகளும் சுரங்கங்களும் ஆலைகளும் ஒன்றுகூடி 'எம்ஷர் கூட்டுறவு' என்னும் சங்கத்தை அமைத்தன. 1904-இல் அதற்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. நம் நாட்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்ததும் அதே 1904-இல்தான்.

சங்கத்தின் விதி எளியது. நீருக்கு யார் எவ்வளவு தீங்கு செய்கிறாரோ, யார் எவ்வளவு பயன் பெறுகிறாரோ, அதற்கேற்பச் சந்தா. சந்தா செலுத்துவோரின் பிரதிநிதிகள் கூடிய பேரவையே செலவைத் தீர்மானிக்கும். நம் சங்கங்களில் சேர்வது அவரவர் விருப்பம். அங்கே சட்டத்தால் கட்டாயம். நீர் விஷயத்தில் ஒருவர் விலகி நின்றால் எல்லோருக்கும் கேடு என்பதால் அவ்வாறு வகுத்தனர்.

நிலம் தாழ்ந்துகொண்டிருந்த காலத்தில் பூமிக்கடியில் குழாய் பதித்தால் உடையும் என்று, எம்ஷர் ஆற்றையே கான்கிரீட் வாய்க்காலாக்கிக் கழிவைத் திறந்தவெளியில் ஓடவிட்டனர். சுரங்கம் வடக்கே நகர்ந்து நிலம் அசைவற்ற பிறகு, 1992-இல் ஆற்றை மீட்கும் வேலையைத் தொடங்கினர். 51 கிலோமீட்டர் நீளத்திற்குப் பெருங்குழாய் பதித்து, கழிவு முழுவதையும் அதில் திருப்பி, 2021 இறுதியில் எம்ஷரைச் சாக்கடை இல்லாத ஆறாக்கினர். செலவு 500 கோடி யூரோவுக்கு மேல். இன்றும் அப்பகுதியில் ஐந்தில் இரண்டு பங்கு அளவு நிலம் பம்பு வைத்து இறைப்பதாலேயே காய்ந்திருக்கிறது. சுரங்கங்கள் மூடப்பட்டுவிட்டன, சங்கம் நடக்கிறது.

கூட்டுறவு என்னும் கருத்தையே நம் முன்னோர் ஜெர்மனியிலிருந்து கற்றனர் என்பதை இங்கே நினைவுகூரலாம். 1892-இல் சென்னை அரசினர் ஃபிரெடரிக் நிக்கல்சன் என்னும் அதிகாரியை ஐரோப்பியக் கடன் சங்கங்களை ஆராயும்படி பணித்தனர். ஜெர்மன் நாட்டுக் கிராமங்களில் ரைஃபைசன் என்னும் பெரியார் தோற்றுவித்த சங்கங்களே நம் உழவர்க்குப் பொருந்தும் என்று அவர் 1895-லும் 1897-லும் அறிக்கை தந்தார். கடனுக்குரிய கூட்டுறவை அன்று கற்றோம். நீருக்குரிய கூட்டுறவை இன்று கற்க வேண்டும்.

குறைகளும் உண்டு

பொட்ரோப்பைப் பொன்னுலகாக நாம் வருணிக்கவில்லை. ரூர் பகுதியில் வேலையின்மை இன்றும் ஜெர்மனியின் சராசரியைவிட மிகுதி. அரசின் பெரும்பணம் அறுபது ஆண்டு வந்துகொண்டிருந்தது; நம் நாட்டில் அத்தனை பணத்தை எதிர்பார்க்க இயலாது. அங்கு கரி வெட்டியோர் பெரும்பாலும் நிரந்தரத் தொழிலாளர். நெய்வேலியிலோ ஆயிரக்கணக்கானோர் ஒப்பந்த முறையிலும் சேவைச் சங்கத்தின் வழியிலும் வேலை செய்கின்றனர். நிலம் கொடுத்தோர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நிரந்தர வேலை என்பது பல ஆண்டுக் கோரிக்கை. சுரங்கம் சுருங்கும்போது முதலில் அடிபடுவோர் நிரந்தரம் இல்லாதவரே.

நெய்வேலி நகரின் தெருவும் வீடும் குடிநீரும் விளக்கும் பெரும்பாலும் கம்பெனியின் பராமரிப்பில் உள்ளவை. கம்பெனி தளர்ந்தால் நகரத்தைத் தாங்கும் தோள் எது என்று இப்போதே சிந்திப்பது நலம்.

மண்ணின் கணக்கு

உழவர் கவனிக்க வேண்டிய மற்றொன்று மண். ஒரு டன் கரிக்கு ஐந்து, ஆறு கன மீட்டர் மேல்மண்ணை அகற்ற வேண்டியிருக்கிறது. வெட்டும்போது மேலிருந்தது கீழாகவும் கீழிருந்தது மேலாகவும் கலந்துவிடும். தலைமுறை தலைமுறையாக எருவும் தழையும் இட்டு வளர்த்த மேல்மண் ஓரடி, ஈரடிதான். அது அடியில் புதைந்து, உயிரற்ற மணலும் களியும் மேலே வந்தால் அந்நிலம் பெயருக்கு நிலம். மேல்மண்ணைத் தனியே எடுத்து வைத்து, பள்ளத்தை நிரப்பிய பின் மேலே பரப்பினால் மட்டுமே பயிர் நிற்கும். நெய்வேலியில் நிரப்பிய நிலத்தில் மரம் வளர்த்துள்ளனர். வேளாண் பல்கலைக்கழகத்தாரின் துணையுடன் நெல்லும் பயிரிட்டுப் பார்த்தனர். பசுந்தாளும் தொழு உரமும் வண்டலும் இட்டுப் பல ஆண்டு பாடுபட்டால் மண் திரும்பும் என்பது இதனால் தெளிவாகிறது. ஆனால் திரும்பிய மண் யாருக்குத் திரும்பும்? கொடுத்த உழவருக்கா, கம்பெனியின் காட்டுக்கா? இதற்கு இப்போதே எழுத்தில் விடை வேண்டும்.

2023 ஜூலை 26 அன்று சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில் நடந்ததை அங்கத்தினர் மறந்திரார். முன்பே கையகப்படுத்திய நிலம் என்று கம்பெனி கூறியது. உழவர் தொடர்ந்து பயிரிட்டு வந்தனர். பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டுவதற்காக, கதிர் விடும் பருவத்து நெல்வயலில் யந்திரங்கள் இறங்கின. வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு தரும்படி தீர்ப்பாயிற்று. பயிரின் துயரைத் தம் துயராகக் கொண்ட வள்ளலார் வாழ்ந்த வடலூர் அங்கிருந்து தொலைவன்று. சட்டம் எப்பக்கம் நிற்பினும், விளைந்து வரும் பயிர் மண்ணோடு மண்ணாவதைக் கண்டு உழவர் மனம் பொறுக்குமோ? இரண்டு மாதம் முன்னோ பின்னோ என்று உட்கார்ந்து பேச ஓர் இடம் இல்லாமையே அன்றைய இழப்பின் வேர் என்று நாம் கருதுகிறோம். எம்ஷர்க்காரர் 1899-இல் அமைத்தது அத்தகைய ஓர் இடத்தையே.

அதே 2023 ஏப்ரலில், சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே உள்ள பகுதி உட்படத் தமிழ்நாட்டின் சில இடங்கள் மத்திய அரசின் நிலக்கரி ஏலப் பட்டியலில் வந்ததும், உழவரின் எதிர்ப்பாலும் மாநில அரசின் வேண்டுகோளாலும் நீக்கப்பட்டதும் நினைவிருக்கும். 2020-ஆம் ஆண்டுப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் காட்டுமன்னார்கோயில் உள்ளிட்ட நம் மாவட்டத்து ஒன்றியங்கள் சிலவற்றைக் காக்கிறது. காப்பு உள்ள இடத்திலும் நிலத்தடி நீர் எல்லைக் கல்லைப் பார்த்து நிற்பதில்லை.

சங்கங்கள் செய்யத்தக்கவை

முதலாவது, ஒவ்வொரு சங்கமும் கிணற்றுப் பதிவேடு ஒன்று வைக்க வேண்டும். மாதந்தோறும் ஒரே நாளில், மோட்டார் ஓடுவதற்கு முன், நீர்மட்டம் தரையிலிருந்து எத்தனை அடி என்று கயிறு விட்டு அளந்து, சர்வே எண்ணோடு எழுதினால் போதும். ஊருக்குப் பத்துக் கிணறு. செலவு ஒரு நோட்டுப் புத்தகம். பத்தாண்டுக் கணக்கு கையில் இருப்பின் எந்த அலுவலகத்திலும் எந்த நீதிமன்றத்திலும் நம் சொல் ஏறும். கணக்கில்லாக் குறை வெறும் புலம்பலாகவே முடியும்.

இரண்டாவது, ஒவ்வொரு நிலக்கரிச் சுரங்கத்திற்கும் மூடும் திட்டம் வேண்டுமென்றும், அதன் செலவுக்கு ஆண்டுதோறும் தனிக் கணக்கில் பணம் கட்ட வேண்டுமென்றும் மத்திய நிலக்கரி அமைச்சகம் 2009-இல் நெறிமுறை வகுத்தது. பின்னர் அதைத் திருத்தியும் வந்துள்ளது. அத்திட்டத்தில் நீருக்கு என்ன வழி, மேல்மண்ணுக்கு என்ன வழி, நிலம் யாருக்கு என்பவற்றைக் கேட்டறிந்து பொதுப்பேரவையில் படிக்கச் செய்ய வேண்டும். சுரங்க விரிவாக்கத்திற்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும்போது, தனித்தனியே சென்று கூச்சலிடுவதைவிடச் சங்கத் தீர்மானத்தோடு சென்று பதிவு செய்வது சாலச் சிறந்தது.

மூன்றாவது, பாசனத்தில் உழவர் பங்கு கொள்ள 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் ஏற்பட்டுள்ளன. அவை வாய்க்கால் நீரோடு நின்றுவிடுகின்றன. ஏரிப் பாசனத்தார், கிணற்றுப் பாசனத்தார், சேத்தியாத்தோப்புக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு தருவோர், நகரத்தார், சுரங்கக் கம்பெனி, சென்னைக் குடிநீர் வாரியம் ஆகிய அனைவரும் ஒரே பேரவையில் அமரும் நீர்க் கூட்டுறவு ஒன்று பரவனாறு, வெள்ளாறு வடிநிலத்திற்கு வேண்டும். எடுப்பவர் அளவுக்கேற்பச் செலுத்துவது, இழப்பவருக்கு ஈடு செய்வது, கரி முடிந்த பின்னும் ஏரிக்கு நீர் வர முதல் சேர்ப்பது ஆகியவை அதன் வேலை. சட்டமின்றி இது முழுமை பெறாது. ஆனால் எம்ஷரிலும் முதலில் மக்கள் கூடினர். சட்டம் ஐந்தாண்டு கழித்தே வந்தது.

இவற்றைக் கூறுவது எவர்மீதும் பகைமையால் அன்று. நெய்வேலியில் கரி இன்னும் பல ஆண்டுக்கு இருக்கிறது. ஆகவே நமக்கு அவகாசமும் இருக்கிறது. மழை பெய்யும்போதே ஏரிக்கரையைப் பலப்படுத்துவது நம் முன்னோர் வழக்கமன்று. கோடையிலேயே அதைச் செய்து முடிப்பர். பொட்ரோப்புக்கு அறுபது ஆண்டு கிடைத்தது. நமக்கு எத்தனை கிடைப்பினும் அதை வீணாக்கலாகாது.

எடுத்த பூமியை நிலைநிறுத்தும் பணி ஒருவரால் ஆவதன்று. வரும் மாதம் முதல் தேதி விடியற்காலையில், மோட்டார் போடுவதற்கு முன், நம் ஊர்க் கிணற்றில் கயிறு விட்டு அளப்போம்; சங்கத்து நோட்டில் முதல் வரியை எழுதுவோம். கூட்டுறவே நாட்டுயர்வு.